ரெய்டு 1-ஆ, ரெய்டு 5-ஆ?

ரெய்டு (RAID) என்றால் பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து வைக்கும் முறை; 1, 5 என்பவை ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவைக் காக்கும் அதன் இரண்டு வகைகள். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் சின்ன அலுவலகத்துக்கு சர்வர் வைப்பவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். 4 டெராபைட் டிஸ்க்கை வைத்தே பார்ப்போம்.

செலவு:
ரெய்டு 1: ஒரே தரவை இரண்டிலும் வைக்கும் இரண்டு டிஸ்க், கிடைக்கும் இடம் 4 டெராபைட்.
ரெய்டு 5: மூன்று டிஸ்க், இடம் 8 டெராபைட்.

தாங்கும் திறன்: இரண்டிலும் ஒரு டிஸ்க் போனால் தரவு பிழைக்கும். வித்தியாசம் அதற்கு அப்புறம்தான். ரெய்டு 1-இல் மிஞ்சிய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தால் போதும். ரெய்டு 5-இல் மீதி டிஸ்க்குகள் அனைத்தையும் முழுக்கப் படித்து, பாரிட்டியிலிருந்து (இழந்த தரவைத் திரும்பக் கணக்கிட டிஸ்க்குகளில் பிரித்து எழுதி வைக்கும் கூடுதல் தகவல்) கணக்கிட வேண்டும். சர்வர் வேலையில் இருந்தால் ஒரு நாள்கூட இழுக்கும். அதற்குள் இன்னொன்று போனால் எல்லாமே போச்சு. ஒன்றாக வாங்கி, ஒரே உப்புக்காற்றில் இருந்த டிஸ்க்குகள் என்பதால் எனக்கு இந்தப் பயம் அதிகம்.

மின்வெட்டு: எழுதும்போது கரண்ட் போனால் ரெய்டு 5-இல் தரவும் பாரிட்டியும் பொருந்தாமல் போகலாம். யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

படகு டீசல் கணக்கு, மீன் ஏல பில் என்றால் ரெய்டு 1. கேமரா பதிவு குவிகிற லாட்ஜுக்கு ரெய்டு 5. தவறி அழித்த கோப்பை இரண்டுமே மீட்டுத் தராது. வாரம் ஒரு நகல் எடுத்து, கடலோரத்தை விட்டுத் தள்ளி பரமக்குடியிலோ மதுரையிலோ வையுங்கள்.