ஈரல் தட்டைப்புழுவுக்கு ஆக்ஸிகுளோசனைடு: கறவை மாடு வளர்ப்பவரின் மதிப்பீடு

காவிரிப் பாசனப் பகுதியில் கோடைக்காலத்தில் ஒரு கறவை மாட்டின் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்குவதையும், கண்ணிமையின் உட்புறம் வெளிறிப்போவதையும், தீவனம் தின்றும் பால் குறைந்துகொண்டே வருவதையும் கண்டால், பலர் நேராகக் கடைக்குப் போய்ப் 'பூச்சி மருந்து' என்று கேட்டு வாங்கிவிடுகிறார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பென்பெண்டசோல் மாத்திரையாகவோ ஐவர்மெக்டினாகவோ இருக்கும். உருளைப்புழுக்களுக்கு இரண்டும் நல்ல மருந்துகளே. ஆனால் இந்த அறிகுறிகளை உண்டாக்கக்கூடிய, பித்த நாளங்களில் குடியிருக்கும் ஈரல் தட்டைப்புழுவை அவை ஒன்றும் செய்வதில்லை. அந்தப் புழுவுக்கென உள்ளவற்றில் கறவை மாட்டுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ஆக்ஸிகுளோசனைடு திரவத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதிர்ந்த புழுவைப் பொறுத்தவரை இது நம்பத்தக்க மருந்து. உட்கொண்ட மருந்து கல்லீரலை அடைந்து பித்தத்தோடு கலந்து வெளியேறுவதால், புழு இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர்கிறது. எங்கள் தொழுவத்தில் மருந்து கொடுத்த பசுக்களுக்கு மறுநாள் சாணம் இளகியது, பாலும் சற்றுக் குறைந்தது. பிறகு தானாகவே சரியாயிற்று. தாடை வீக்கம் மட்டும் உடனே வற்றவில்லை. புழு உறிஞ்சிய இரத்தத்தோடு புரதமும் போய்விடுவதால் வரும் வீக்கம் அது. புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கூட்டிக் கொடுத்து உடம்பு தேறிய பிறகே அது முழுமையாக மறைந்தது.

அளவைக் கண்மதிப்பில் தீர்மானிப்பதுதான் இம்மருந்து வீணாகும் முதல் வழி. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது மாடுகளுக்கான அளவு, 3.4 விழுக்காட்டுத் திரவமானால் 100 கிலோ எடைக்குக் குறைந்தது 30 மில்லி வேண்டும். எடைமேடை இல்லாதவர்கள் நாடாவை எடுத்து, மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தால் மீண்டும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை ஏறத்தாழக் கிலோவில் கிடைத்துவிடும். 64 அங்குலச் சுற்றளவும் 56 அங்குல நீளமும் உள்ள கலப்பினப் பசு சுமார் 347 கிலோ இருக்கும். அதற்கு 100 மில்லிக்கும் சற்று மேலே தேவைப்படும். புகட்டும்போது நாக்கைப் பிடித்து இழுப்பதும் தலையை மிக உயர்த்துவதும் கூடாது. திரவம் நுரையீரலுக்குள் போய்விட்டால் புழு கொல்வதைவிட விரைவாக அது மாட்டைக் கொன்றுவிடும்.

மருந்தின் பெருங்குறை, அது இளம்புழுக்களைத் தொடுவதில்லை என்பது. நம் சமவெளியில் காணப்படும் பாசியோலா ஜைஜான்டிகா என்னும் இனத்தின் முட்டை, சாணத்தோடு நீரில் விழுந்து பொரித்து, லிம்னேயா வகை நன்னீர் நத்தைக்குள் புகுந்து அங்கேயே நூற்றுக்கணக்காகப் பெருகி, வெளியே வந்து நீரோரப் புல்லிலும் நெற்தாளிலும் கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. தை அறுவடை முடிந்து ஈரத் தாளில் மேய்ந்த மாட்டுக்குள் சென்ற இளம்புழு, ஈரலைத் துளைத்துத் திரிந்து, பித்த நாளத்தை அடைந்து முதிர மூன்று நான்கு மாதங்கள் ஆகும். மாசியில் மருந்து கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவரின் மாடு வைகாசியில் மெலிவது இதனால்தான். அந்த இடைக்காலத்தில் சாணத்தில் முட்டையும் வராது. ஆகவே கால்நடை மருந்தகத்தில் ஒருமுறை சாணம் பார்த்து 'இல்லை' என்று வந்தால், கோடையில் மறுமுறை பார்க்கச் சொல்ல வேண்டும். வண்டலாகப் படியவைத்துப் பார்க்கும் முறையையே கேளுங்கள். தட்டைப்புழு முட்டை கனமானது, மிதக்கவைக்கும் முறையில் எளிதில் தப்பிவிடும். நுண்ணோக்கியில் ஈரல் புழுவின் முட்டை பொன் மஞ்சளாகவும், இரைப்பைத் தட்டைப்புழுவின் முட்டை நிறமற்றும் தெரியும். இளம்புழுவையும் கொல்லும் டிரைகிளாபெண்டசோல் உண்டு. ஆனால் அது பாலில் தங்குவதால், கறவையில் உள்ள பசுவுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுப்பது தவறு.

மூக்கடைத்து மாடு குறட்டை விடும் குறட்டை நோய்க்கு இந்த மருந்தை வாங்குவதில் பயனில்லை. 1933ல் சென்னையில் எம். அனந்த நாராயண ராவ் விவரித்த சிஸ்டோசோமா நேசாலே என்னும் புழு, மூக்குச் சவ்வின் இரத்தக் குழாய்களில் வாழ்கிறது. அதைப் பரப்புவது இண்டோபிளானார்பிஸ் என்னும் வேறொரு தட்டைச் சுருள் நத்தை. அதற்கு மருந்தும் வேறு. அந்த நத்தையிலிருந்து வெளிவரும் கால்நடைப் புழுக்களின் இளவுயிரிகள், நாற்று நடும் பெண்களின் கால் தோலிலும் துளைத்து நுழைகின்றன. உள்ளே வாழ முடியாமல் அங்கேயே மடிந்து, கடுமையான அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குகின்றன. சேற்றுப்புண் என்று எண்ணிப் பூசும் களிம்பு இதற்கு உதவாது. மாட்டுக்கு வரும் நோய் நடவுக்குப் போகும் கூலித்தொழிலாளியின் நோயாகவும் இருப்பதை ஊரில் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

ஈரல் புழுவும் மனிதரை விடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இத்தொற்று உள்ளது. சமைத்த ஈரலாலோ பாலாலோ இது வராது. கூடு ஒட்டிய நீர்த்தாவரங்களைப் பச்சையாக உண்பதாலும், காய்ச்சாத குளத்து நீரைக் குடிப்பதாலும் வரும். வாய்க்கால் ஓரத்தில் பறித்த கீரையைப் பச்சையாகச் சாறெடுத்துக் குடிப்பவர்கள் வேகவைத்து உண்பது நல்லது.

ஆக்ஸிகுளோசனைடை வாங்கலாம் என்றே சொல்வேன். அதோடு வாத்துகளை வயலில் விட்டு நத்தையைக் குறைக்கவும், வைக்கோலை நன்றாகக் காயவைத்துப் போர் போடவும், மாட்டுக்குத் தொட்டியில் தண்ணீர் காட்டவும் முடிந்தவர்கள் செய்ய வேண்டும். மருந்து கொடுத்த பின் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும், முதிர்ந்த புழுவை மட்டுமே கொல்லும் என்பதையும், நான் வாங்கிய புட்டியில் பொடி எழுத்து ஆங்கிலத்தில்தான் அச்சிட்டிருந்தார்கள். அந்த இரண்டு வரிகளையும் தமிழில், பெரிய எழுத்தில், புட்டியின் முன்பக்கத்தில் போட வேண்டும்.