இனிப்பில் இடறிய அகராதிச் செயலி

ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டி ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அரிய சொற்களில் அது தடுமாறியதில்லை. அன்றாடம் புழங்கும் ‘ஸ்வீட்டன்’ என்ற வினைச்சொல்லில்தான் இடறி விழுந்தது.

நேர்ப்பொருளில் குறையில்லை. உணவிலோ பானத்திலோ சர்க்கரை, தேன் போன்றவற்றைச் சேர்த்து இனிப்பூட்டுதல் என்று சுருக்கமாக விளக்கியிருக்கிறார்கள். ஒலிப்பும் சரி: ‘லிஸன்’ என்ற சொல்லில் எழுத்தில் இருக்கும் ‘டி’ ஒலிக்காது, இதில் ஒலிக்கும், குரல்பதிவில் அது தெளிவாகக் கேட்கிறது.

சிக்கல் அடுத்த வரியில் தொடங்குகிறது. ‘ஸ்வீட்டன் தி டீல்’ என்பதற்கு ‘ஒப்பந்தத்தை இனிப்பாக்கு’ என்று போட்டிருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தை வாங்க வந்தவர்கள், விற்பவர் தயங்கியதால் விலையைக் கூட்டிய செய்தியொன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நான், அவசரத்தில் இதை நம்பி ‘தங்கள் முன்மொழிவை இனிப்பாக்கினர்’ என்று எழுதிவிட்டு, திரும்பப் படித்தபோது கூசிப்போனேன். ‘கூடுதலாகத் தந்து ஆசைகாட்டினர்’ என்பதே அங்கே பொருந்தும். ஆங்கிலத்தில் ‘ஸ்வீட்’ நாவுக்கும் மனத்துக்கும் பொது. தமிழோ நாவுக்கு இனிப்பு, செவிக்கும் மனத்துக்கும் இனிமை என்று பிரித்து வைத்திருக்கிறது, பேரம் என்று வந்துவிட்டால் இரண்டையுமே கைவிடுகிறது. ஆகவே எதை ‘ஸ்வீட்டன்’ செய்கிறார்கள் என்று பார்க்காமல் தமிழ்ச்சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது. ‘அப்’ சேர்ந்து ஓர் ஆளைக் குறித்து வந்தால், காரியம் ஆவதற்காகக் குளிரப் பேசுவது, அதாவது ஐஸ் வைப்பது. மாத்திரையைக் குறிக்கும் ‘பில்’ உடன் வந்தால், கசப்பான முடிவை ஏற்கும்படி சற்றுத் தணித்துத் தருவது. மண்ணைக் குறித்து வந்தால், சுண்ணாம்பு இட்டு அமிலத்தன்மையைக் குறைப்பது. கடைசிப் பொருள் பொது அகராதிக்கு மிகை என்றால் ஒப்புக்கொள்வேன். முதலிரண்டும் இல்லாததை ஒப்புக்கொள்ள முடியாது.

‘ஸ்வீட்டனர்’ என்ற பெயர்ச்சொல்லுக்கும் இதே கதிதான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது கையூட்டையும் குறிக்கும்; செயலியோ சர்க்கரைக்கு மாற்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஊழல் வழக்குச் செய்தி ஒன்றை இதன் துணையோடு படிக்கும் மாணவர், அமைச்சர் எதற்காகச் சர்க்கரை வாங்கினார் என்று விழிக்க வேண்டியதுதான்.

திருத்தம் எழுதி அனுப்பினேன், பதில் இல்லை. சந்தாவை நிறுத்தப் போனபோது, தொடர்ந்தால் இரண்டு மாதம் இலவசம் என்று திரையில் எழுந்தது. அந்தப் பொருள் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.