பழைய பிக்கப் கேபினில் மழைநீர்: மூன்று பருவமழையில் தாங்கியதும் தாங்காததும்

வடசென்னையில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஓடும் பத்து வருடம் தாண்டிய பிக்கப்களில், ஐப்பசி பிறந்தாலே கிளீனர் சீட்டுக்குக் கீழே தண்ணீர் நிற்கும். உடனே கண்ணாடி ரப்பரைச் சுற்றிச் சிலிக்கான் பூசிவிடுவார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. சொட்டும் இடம் வேறு, தண்ணீர் நுழையும் இடம் வேறு.

முதலில் மேட்டையும் அடியிலுள்ள ஃபோமையும் கழற்றித் தரைத் தகட்டைக் காயவிடுங்கள். முகப் பவுடரை மெல்லிசாகத் தூவினால் தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸைப் பிடிக்கட்டும். பிரஷர் வாஷர் வேண்டாம், மழையில் ஒழுகாத இடத்திலும் அது தண்ணீரை ஏற்றிவிடும். கீழிருந்து மேலே, ஒரு இடத்துக்கு ஐந்து நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று பிரிக்க முடியாது. ஏசி வண்டியில் மழையில்லாத நாளிலும் ஈரம் இருந்தால் ஏசித் தண்ணீரை வெளியே வடிக்கும் டிரெயின் குழாய் அடைத்திருக்கும்.

அதிகம் ஏமாற்றுவது கதவுதான். ஏறி இறங்கும் கண்ணாடியை ஒட்டி மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவைச் செய்திருக்கிறார்கள். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்தான் அதை உள்ளே வரவிடாமல் தடுக்கும். ஸ்பீக்கர் மாட்டும்போதோ கண்ணாடி மெஷின் மாற்றும்போதோ அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். கனமான பாலித்தீன் ஷீட்டைப் பழைய அளவுக்கு வெட்டி, பிசுபிசுப்பான ரப்பர் டேப்பான பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டி, கீழ் ஓரத்தைக் கதவின் உள்பக்கமாகச் செருகுங்கள். வெளியே தொங்கவிட்டால் தண்ணீர் நேராக ஃபுட்போர்டுக்கு வரும். துளைகளைச் சைக்கிள் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். துளையை எம்சீலால் அடைத்த கதவுகளில் அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

அடுத்தது கவுல், அதாவது வைப்பருக்குக் கீழே, முன்கண்ணாடி அடியில் இருக்கும் பள்ளம். வேப்பிலையும் லாரித் தூசும் சேர்ந்து சேறாகி வடிகாலை அடைத்தால், தேங்கும் தண்ணீர் காற்று வரும் வழியாக டேஷ்போர்டுக்குக் கீழே இறங்கும். புரட்டாசியிலேயே ஒருமுறை சுத்தம் செய்தால் போதும். இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகடான பயர்வாலை ஒயரிங் கடக்கும் இடத்து ரப்பர் வளையத்தையும் (குரோமெட்) அப்போதே பாருங்கள்.

முன்கண்ணாடி ரப்பருக்குப் புதுப்பேட்டையில் பழைய பீஸ் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். விறைத்துச் சுருங்கிய ரப்பர் மூலையில் உட்காராது. புது ரப்பர் போடும்போதும் கண்ணாடி உட்காரும் தகட்டு விளிம்பை முதலில் பார்க்க வேண்டும். கடற்காற்றில் அதுதான் முதலில் அரிக்கும், அரித்த விளிம்பில் எந்த ரப்பரும் நிற்காது. ஒயர் பிரஷால் தேய்த்து, 80 நம்பர் உப்புத்தாள் போட்டு, எபாக்ஸி பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகே ரப்பர்.

கூரைத் தகட்டு இணைப்புக்குப் பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட். பழைய சீலண்டை முழுக்கச் சுரண்டி, தின்னரால் துடைத்து, 5 மில்லிமீட்டர் தடிப்பில் இழுத்து, 24 மணி நேரம் நனையாமல் விடவும். மேலே பெயிண்ட் அடித்தால் வெயிலில் வெடிக்காது. இப்படிச் செய்தவை மூன்று பருவமழையைத் தாண்டியும் நிற்கின்றன. சிலிக்கான் ஒரு கோடையிலேயே ஓரம் விட்டது. புளித்த காடி வாடை அடிக்கும் வகை, வெறும் தகட்டில் பட்டால் துருவையும் வரவழைக்கும். அதன் மிச்சத்தின் மேல் பெயிண்டும் ஒட்டாது, வேறு சீலண்டும் ஒட்டாது.

மீன் லோடு வண்டிகளில் கேபின் பின்சுவரையும் பாருங்கள். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டு, பின்கண்ணாடிக்குக் கீழுள்ள இணைப்பு ஊசித்துளையாக அரித்திருக்கும். அங்கே சீலண்ட் போதாது, டிங்கரிடம் தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும்.

ஃபோமை மட்டும் அவசரப்பட்டுத் திரும்பப் போடாதீர்கள். ஒரு முழு இரவு மழை பெய்து, காலையில் தரைத் தகடு காய்ந்து இருப்பதைக் கையால் தடவிப் பார்த்த பிறகு போடலாம்.