கொழிஞ்சாம்பாறையில் நடக்கும் ஆங்கில மாலை வகுப்பு

தமிழ்வழிப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவது என் பொறுப்பு. பெற்றோர் கூட்ட அறிவிப்பில் ‘ஸ்டூடண்ட்ஸ்’ என்ற சொல்லில் எஸ் எழுத்துக்கு முன்பாக அப்பாஸ்ட்ரபி (’) என்ற குறியை வைத்துவிட்டேன்; எல்லா மாணவர்களுடைய பெற்றோரையும் அழைக்க வேண்டிய கடிதம், ஒரே ஒரு மாணவருடைய பெற்றோரை அழைப்பதாக ஆகிவிட்டது. தலைமையாசிரியர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பித் தந்த வாரத்திலேயே இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

இந்த ஒரு குறிக்காக நான்கு மாலைகளை ஒதுக்கியதே வகுப்பின் சிறப்பு. ஆசிரியை கரும்பலகையில் ‘மாணவனுடைய’, ‘மாணவர்களுடைய’ என்று எழுதி, ‘கள்’ என்பதற்கு ஒரு நிறத்திலும் ‘உடைய’ என்பதற்கு வேறு நிறத்திலும் அடிக்கோடிட்டார். தமிழில் பன்மை விகுதி வந்த பிறகே ஆறாம் வேற்றுமைக்குரிய ‘உடைய’ சேர்வதுபோல, ஆங்கிலத்திலும் பெயரை ஒருமையாகவோ பன்மையாகவோ முழுமையாக எழுதி முடித்த பின்னரே குறியை இட வேண்டும் என்றார். அந்தப் பன்மை எஸ்ஸில் முடிந்தால் குறி மட்டும் போதும். ‘சில்ட்ரன்’, ‘விமன்’ போல எஸ் இல்லாத பன்மையானால் குறியும் எஸ்ஸும் சேர்ந்து வரும். என் பக்கத்தில் இருந்த மலையாளவழி மாணவிக்கு இதையே ‘குட்டியுடெ’, ‘குட்டிகளுடெ’ என்று காட்டினார். இரு மொழியினரும் சேர்ந்து படிக்கும் எல்லையோர ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாடமுறையை நான் கண்டதில்லை.

விடுப்பு விண்ணப்பத்தில் ஒரு நாள் என்றால் ‘டே’ என்பதற்குப் பின் குறியும் எஸ்ஸும், இரண்டு நாள் என்றால் ‘டேஸ்’ என்பதற்குப் பின் குறி மட்டும் என்பதையும் இங்கேதான் தெரிந்துகொண்டேன். இத்தனை ஆண்டுகளாக இரண்டிலும் குறியே இல்லாமல் எழுதி வந்திருக்கிறேன். ‘அதனுடைய’ என்ற பொருளில் வரும் ‘இட்ஸ்’ குறி ஏற்காது, ‘இட் இஸ்’, ‘இட் ஹேஸ்’ என்பவற்றின் சுருக்கத்திற்கே குறி உண்டு என்பதற்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் பயிற்சி தந்தார்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ‘தாஸ்’ போல எஸ்ஸில் முடியும் பெயர்களுக்குக் குறியோடு இன்னொரு எஸ்ஸும் சேர்ப்பதே சரி என்று கற்பித்து, குறியை மட்டும் இடுவதைத் தவறு என்று என் நோட்டில் அடித்துவிட்டார்கள். இரண்டு வழக்கங்களும் ஆங்கிலத்தில் ஏற்கப்பட்டவை. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

சரளமாகப் பேசப் பழக விரும்புவோருக்கு இந்த வகுப்பு உதவாது. எழுத்து வேலையில் இருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். போகும்போது தாங்கள் எழுதிய பழைய கடிதங்களின் நகல்களையும் எடுத்துச் செல்லுங்கள், வகுப்பு முடிந்ததும் ஆசிரியை உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தித் தருகிறார்.