குற்றத்தடயப் பெட்டி: வன்னி வெக்கைக்கு எது தாங்கும், எது தாங்காது

வெளிநாட்டில் செய்து, அலுமினியப் பெட்டியில் அடைத்து விற்கிற தடயச் சேகரிப்புத் தொகுதிகள் எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். கையுறை, மஞ்சள் ரேப், இலக்கத் தகடுகள், கைரேகைப் பொடி, தூரிகை, பஞ்சுக்குச்சி, பைகள், இரத்தச் சோதனைத் திரவம், அச்சு வார்க்கும் மா, ஒரு சின்னக் கரண்டி மண்வெட்டி. கதவு பூட்டிய அறைக்குள், மின்விசிறிக்குக் கீழே நடந்த குற்றத்தை நினைத்து அடுக்கிய பெட்டி இது. வன்னியில் சம்பவம் முற்றத்திலோ வாய்க்கால் வரம்பிலோ பற்றைக்குள்ளோ நடந்திருக்கும். ஆகவே பெட்டியை அப்படியே நம்பிப் போகிறவர் பாதிச் சாமானை இழுத்துக்கொண்டு திரிவார். தேவையானது கையில் இராது.

முதலில் ரேப். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது படபடத்துக் கிழியும். முட்கம்பியில் பட்டால் அரை மணித்தியாலம்கூட நில்லாது. நைலோன் கயிறும் இரும்பு ஆணிக்கட்டைகளும் வாங்கிப் போடுங்கள், ரேப்பை அந்தக் கயிற்றில் அடையாளத்துக்குத் தொங்கவிட்டால் போதும். எல்லையைக் கண்ணுக்குத் தெரியும் தடயத்தோடு நிறுத்தாமல் வேலிக்கு வெளியே, மோட்டார் சைக்கிள் நிறுத்தக்கூடிய ஒழுங்கைவரை இழுக்கவேண்டும். பிறகு சுருக்கலாம். சிறிதாகப் போட்டுவிட்டுப் பிறகு விரித்தால், இடைப்பட்ட நிலத்தில் ஊரே நடந்து முடித்திருக்கும். உள்ளே போக ஒரே ஒரு பாதை, அதுவும் படலையால் அல்ல. வந்தவனும் படலையால்தான் வந்திருப்பான். வேலியின் வேறொரு பக்கத்தைப் பிரித்து வழி எடுப்பதே சரி. காயப்பட்டவருக்கு உயிர் இருந்தால் இந்த விதியெல்லாம் இரண்டாம் பட்சம். அவரை எடுத்த பிறகு, எந்த வழியால் எடுத்தோம், எதை நகர்த்தினோம் என்று எழுதிவைத்தால் போதும். அதை எழுத ஒரு கொப்பி பெட்டியில் இல்லை. யார், எத்தனை மணிக்கு, எதற்காக உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று பதியும் அந்தக் கொப்பி முழுப் பெட்டியையும்விடப் பெறுமதியானது.

சாவீடு என்றதும் அயலவர் கூடுவதும், பாய் விரிப்பதும், விறாந்தையைக் கழுவிவிடுவதும் எங்கள் ஊர் வழக்கம். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் தடயம் போய்விடும். முற்றம் கூட்டுவதில் மட்டும் ஒரு நன்மையும் உண்டு: விடியக் கூட்டிய மணல் முற்றத்தில் இருக்கிற ஒவ்வொரு காலடியும் கூட்டியதற்குப் பிறகு பட்டது. எத்தனை மணிக்குக் கூட்டினார்கள் என்று வீட்டாரிடம் முதலில் கேளுங்கள்.

காலடியையும் டயர் தடத்தையும் பெட்டியில் உள்ள பிளாஸ்டர் ஒப் பாரிஸ் கெடுத்துவிடும். காய்ந்தாலும் மென்மையாகவே இருப்பதால், ஒட்டிய மண்ணைக் கழுவும்போது கோடுகளும் சேர்ந்து தேயும். பல் வைத்தியர்கள் அச்சுக்குப் பாவிக்கும் டென்டல் ஸ்டோனை மாற்றி வாங்குங்கள். ஒரு காலடிக்கு 900 கிராம் மாவும் ஏறக்குறைய 350 மில்லிலீற்றர் தண்ணீரும் சிப் பூட்டுப் பையில் பிசைந்தால் கட்டி விழாது. குழைவு அப்பமாப் பதத்தில் இருக்கவேண்டும். தடத்தின் மேலேயே ஊற்றினால் விழுகிற வேகத்தில் மண் கலையும். பக்கத்து நிலத்தில் ஊற்றி உள்ளே வழிய விடவேண்டும். முல்லைத்தீவுக் கரையோர மணல்போல உதிர்கிற மணலென்றால் முதலில் தலைமுடி ஸ்பிரேயை நேராக அடிக்காமல், மேலே தூவிப் பனிபோலப் படியவிட்டு இறுக்கவேண்டும். அரை மணித்தியாலத்துக்கு முன் தூக்காதீர்கள். இரண்டு நாள் காய்ந்த பிறகுதான் கழுவலாம். வார்க்குமுன் படம் எடுப்பது கட்டாயம்: கமரா நேர் மேலே, ஸ்ராண்டில், அளவுகோல் தடத்தின் பக்கத்தில், அதே ஆழத்தில், ரோச் வெளிச்சம் தரையோடு சாய்வாக, குறைந்தது மூன்று பக்கமிருந்து. அளவுகோல் இல்லாமலும் ஒரு படம் வேண்டும். மழை இருட்டினால் தடத்தின் மேல் பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, சுற்றிவர மண் அணை கட்டுங்கள். தறப்பாளைத் தரையோடு விரித்தால் அதுவே தடத்தை அழுத்திவிடும். நான்கு கம்பில் உயர்த்தியே கட்டவேண்டும்.

பொடி விடயத்தில் பெட்டிக்காரர் கூடப் பெருமைப்படுவது காந்தப் பொடியில். எங்கள் வீடுகளில் கைரேகை பதியத்தக்க நல்ல இடம் இரும்பு அலுமாரியும் இரும்புக் கேற்றும்தான். அங்கே காந்தப் பொடி ஒட்டிக்கொண்டு கரிப்பூச்சாகிவிடும். கண்ணாடி, பெயின்ற் அடித்த மரம், பிளாஸ்டிக் கதிரை என்றால் சரி. இரும்புக்குச் சாதாரணக் கறுப்புப் பொடி, அதுவும் தூரிகை நுனியால் மட்டும். கூடினால் ரேகையின் பள்ளங்கள் நிரம்பிவிடும். மாரியில் பொடி ஈரம் குடித்துக் கட்டிபடும், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். பூசாத கல்லுச் சுவரிலும் பனங்கொட்டிலும் பொடி வீண்.

இரத்தச் சோதனைத் திரவத்தைப் பற்றி எச்சரிக்கை தேவை. பினோல்ப்தலின் திரவம் வெக்கையில் தானாகவே இளஞ்சிவப்பாகும். ஜீப்பில் கிடந்த போத்தலை நம்பவேண்டாம். கறையைத் தொட்ட பஞ்சில் முதலில் திரவத்தை விட்டுப் பாருங்கள், பிறகே ஐதரசன் பெரொக்சைட்டு. அதை விட்டவுடன் இளஞ்சிவப்பானால்தான் ‘ஆம்’. பெரொக்சைட்டுக்கு முன்னரே நிறம் மாறினாலும், அரை நிமிடம் கழித்து மெல்ல மாறினாலும் கணக்கில்லை. சுவரில் காய்ந்த வெற்றிலைத் துப்பல் பலரை ஏமாற்றியிருக்கிறது. சோதனை ‘ஆம்’ என்றாலும் அது இரத்தமாக இருக்கலாம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை, மனித இரத்தம் என்றும் ஆகாது.

இனிப் பைகள். பெட்டியின் மிகப் பெரிய தவறு இதில்தான்: பளபளக்கும் பிளாஸ்டிக் பைகள் கட்டுக் கட்டாக, கடதாசிப் பைகள் பத்தோ பன்னிரண்டோ. ஈரமான சாரத்தைப் பிளாஸ்டிக்கில் கட்டி, கிளிநொச்சியிலிருந்து பத்தரமுல்லையில் உள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் அனுப்பினால் போய்ச் சேருவது பூஞ்சணம்தான், டி.என்.ஏ. சிதைந்திருக்கும். நிழலில், காற்றில், தனித்தனியாகக் காயவிட்டுக் கடதாசியில் மடிக்கவேண்டும். பஞ்சுக்குச்சியும் அப்படியே: காய்ந்த கறைக்கு ஒரு சொட்டு கிருமிநீக்கிய தண்ணீரில் நனைத்த குச்சி ஒன்று, தொடர்ந்து உலர் குச்சி ஒன்று, பக்கத்திலுள்ள கறையில்லாத இடத்தில் ஒப்பீட்டுக்கு இன்னொன்று. இறந்தவரின் கைகளுக்கும் கடதாசிப் பைதான், பிளாஸ்டிக் வியர்க்கவைக்கும். இதற்கெல்லாம் விதிவிலக்கு தீவைப்பு: மண்ணெண்ணெயோ பெற்றோலோ மணக்கும் சாம்பலைக் கடதாசியில் போட்டால் ஆவி பறந்துவிடும். மூடி இறுகும் புதிய தகர டப்பாவில், மேலே கொஞ்சம் வெறுமை விட்டு அடைக்கவேண்டும். அந்த டப்பா பெட்டியில் கிடையாது.

கையுறைகள் நல்லவை, ஆனால் எண்ணிக்கை போதாது. ஒவ்வொரு பொருளுக்கும் புதிய சோடி என்பது விதி. வன்னி வெயிலில் பத்து நிமிடத்தில் உள்ளே வியர்வை தேங்கி மணிக்கட்டால் வழியும், அது சான்றுப்பொருளில் விழுந்தால் எடுத்தவரின் டி.என்.ஏ.யும் சேரும். நைட்ரைல் கையுறை நூறு கொண்ட பெட்டி ஒன்றும், நெற்றிக்கு ஒரு துவாய்ப் பட்டியும் சேருங்கள்.

கடைசியாக அந்தச் சின்ன மண்வெட்டி. அதைக் கழற்றி வீட்டில் வையுங்கள். எலும்பு தெரிந்தால் தோண்டுவது நின்றுவிடவேண்டும். 2023 இல் முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய்க்குத் தோண்டும்போது மனித எச்சங்கள் வெளிவந்தன. அதற்குப் பிறகு நீதவானின் கட்டளை, சட்ட வைத்திய அதிகாரி, தொல்லியலாளர், தூரிகை, அரிதட்டு என்பதுதான் ஒழுங்கு. வெடிபொருள் போல எதுவும் தெரிந்தாலும் அப்படியே: வந்த காலடியிலேயே திரும்பி, மிதிவெடி அகற்றுவோரை அழைத்து, அவர்கள் விடுவிக்கும்வரை கயிற்றுக்கு வெளியே. மண்வெட்டி இருந்த குழியில் இரண்டு போத்தல் குடிதண்ணீர் கச்சிதமாகப் பொருந்தும்.