பூனைக்கு ரத்தம்: லயத்துப் பூனையா, தாமான் பூனையா, நாயா?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. இங்கே எலி மருந்து சகஜம். அதைத் தின்ற எலியைப் பூனை பிடித்தால், சில நாள் கழித்து ஈறு வெளிறி, மூச்சு வாங்க மூலையில் சுருண்டுவிடும். இந்த மருந்துகளில் பல, ரத்தம் உறையத் தேவையான விட்டமின் கே-யை முடக்கிவிடும். மாற்று மருந்தாக விட்டமின் கே1 கொடுத்தாலும் பிடிக்கப் பல மணி நேரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க ரத்தம் வேண்டும். யார் கொடுப்பது?

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பூனைக்கா பஞ்சம் என்று தோன்றும். ஆனால் ஊர் சுற்றும் பூனை தெள்ளுப்பூச்சியோடும் சண்டைக் காயத்தோடும் திரிவது. அதன் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்ஐவி வைரஸ், லுக்கீமியா வைரஸ், சிவப்பணுவைத் தாக்கும் கிருமி எல்லாம் இருக்கலாம். சோதிக்காமல் ஏற்றக்கூடாது.

தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை நல்ல தேர்வு. நாலரை கிலோவுக்கு மேல், நடுவயது, ஆரோக்கியம் இருந்தால் சுமார் 50 மில்லி எடுக்கலாம், அதுவும் பெரும்பாலும் மயக்கம் கொடுத்துத்தான். சிக்கல் ரத்த வகையில். பூனைக்கு ஏ, பி, அபூர்வமாக ஏபி. மனிதரின் ஓ வகை போல எல்லோருக்கும் பொருந்துவது இங்கே இல்லை. நாட்டுப் பூனைகள் பெரும்பாலும் ஏ. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இனத்தில் பி கணிசம். பி வகைப் பூனைக்கு ஏ ரத்தம் ஏற்றினால் முதல் தடவையிலேயே உயிர் போகலாம், கொஞ்சம் ஏற்றினாலே போதும். வகை பார்க்கும் அட்டைச் சோதனைக்குச் சில நிமிடம்தான். அதைச் செய்யாத கிளினிக்கில் நான் என் பூனையை விடமாட்டேன்.

அப்புறம் நாய். கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் பூனை ரத்தம் கிடைக்காத அவசரத்தில் மருத்துவர்கள் நாய் ரத்தம் ஏற்றுவதுண்டு. முதல் தடவை பெரும்பாலும் தாங்கும். அந்த அணுக்கள் சில நாளில் அழிந்துபோகும். எலி மருந்துக்கு அந்த சில நாள் போதும், நாள்பட்ட சோகைக்குப் போதாது. மறுபடி ஏற்றவே கூடாது. ஒரு வாரம் கழித்து ஏற்றினால் கடும் ஒவ்வாமையில் உயிரே போகலாம். உண்ணிக் காய்ச்சல் உள்ள தோட்டத்து நாயும் ஆகாது.

செர்டாங் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குப் போகலாமே என்பார்கள். இங்கிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். மூச்சு வாங்கும் பூனைக்கு அந்தப் பயணமே கண்டம். எங்களுக்கு ஈப்போதான் கிட்டே. புறப்படும் முன் போன் போட்டு, வகை பார்க்கும் அட்டை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டுப் பூனை குண்டன் ஐந்தரை கிலோ. வகை ஏ, வைரஸ் சோதனை முடிந்தது என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு மாமியார், "உன் வகை என்ன என்று எங்கே எழுதியிருக்கு?" என்கிறார்.