'ஸ்பின், ஸ்டாட்டிக் 2 இன் 1' என்று பேரிங் இல்லாத கம்பத்தைத் தலையில் கட்டுகிறார்கள்

போல் டான்ஸ் வீட்டிலேயே பழக ஆன்லைனில் மலிவாக ஒரு கம்பம். விளம்பரத்தில் இருந்தது: 45 மி.மீ., ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஸ்பின்னும் (கம்பமே சுற்றுவது) ஸ்டாட்டிக்கும் (கம்பம் அசையாமல் நிற்பது) உண்டு, 200 கிலோ தாங்கும். பெட்டியில் வந்தது: 50 மி.மீ. இரும்புக் குழாய், மேலே குரோம் பூச்சு, பேரிங் கிடையாது. கேட்டதற்கு, "ஸ்டாட்டிக்காவே யூஸ் பண்ணிக்கோங்க மேடம்." மாட்டிப் பார்த்துவிட்டதால் ரிட்டர்னும் இல்லையாம்.

ஆனாலும் ஸ்பின்னுக்கு மாற்றினால் கம்பம் சுற்றுகிறது. பேரிங் இல்லாமல் எப்படி? வில்லங்கமே அங்கேதான். இந்த வகைக் கம்பம் அடியிலுள்ள மரையைத் திருகி, தரைக்கும் கூரைக்கும் நடுவே இறுக்கி நிறுத்துவது. நல்ல கம்பத்தில் மரை அசையாது, பேரிங்கில் குழாய் மட்டும் சுற்றும். இதில் பூட்டுத் திருகைத் தளர்த்தினால் மரையே சுற்றுகிறது. ஒரு பக்கம் சுற்றினால் இறுகும், மறுபக்கம் கழலும். ஆள் மேலே தொங்கும்போதே கூரைப்பிடி விட்டுப்போகும்.

ஏறுவதற்கு முன் கண்டுபிடித்துவிடலாம். கம்பத்தை நிறுத்தி, ஸ்பின்னுக்கு மாற்றி, அடியில் வெளியே தெரியும் மரையின் நீளத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். கையால் இடப்பக்கம் பத்துச் சுற்று, திரும்ப அளவு. பிறகு வலப்பக்கம் பத்து. ஒரு மி.மீ. மாறினாலும் அது ஸ்பின் கம்பம் இல்லை. அடுத்து ஸ்டாட்டிக்குக்கு மாற்றி, ஆலன் கீயால் திருகுகளை இறுக்கி, இரு கைகளாலும் பிடித்து ஒரே பக்கமாக முறுக்குங்கள். துளி நகர்ந்தாலும் வேண்டாம். ஸ்டாட்டிக்கில் காலை வீசி, பிடியை வழுக்கவிட்டு நாம்தான் சுற்றுகிறோம்; கம்பம் நிற்கும் என்று நம்பிப் போட்ட வீச்சில் அது திடீரென்று நகர்ந்தால் மணிக்கட்டும் தோளும்தான் வாங்கிக்கட்டும்.

குறுக்களவுக்கு வெர்னியர் தேவையில்லை. தையல் டேப்பைச் சுற்றிப் பிடியுங்கள்: 14.1 செ.மீ. வந்தால் 45 மி.மீ., 15.7 வந்தால் 50. சின்னக் கைக்கு இந்த 5 மி.மீ. பெரிய வித்தியாசம், விரல் முழுதாகச் சுற்றி வராது. காந்தமும் வையுங்கள். 304 ஸ்டீல் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம்) என்று விற்றதில் பச்சென்று ஒட்டினால் பொய். ஒட்டாததாலேயே 304 ஆகிவிடாது, 202 என்ற இன்னொரு ரகமும் ஒட்டாது. குரோம் மோசமில்லை, பல ஸ்டுடியோக்களில் அதுதான். ஆனால் அடியில் பெரும்பாலும் நிக்கல் பூச்சு இருக்கும். நிக்கல் ஒவ்வாதவர்களுக்குத் தோல் தடித்துவிடும்.

"எல்லாக் கூரைக்கும் பொருந்தும்" என்பதையும் நம்பாதீர்கள். கான்கிரீட் தளத்துக்குப் பொருந்தும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் ஓட்டைதான் விழும். பத்தடி உயரத்துக்குத் துண்டுக் குழாய் சேர்க்கச் சொல்வார்கள். இணைப்பு கை பிடிக்கும் இடத்தில் வந்தால், அந்த விளிம்பு உள்ளங்கையைக் கிழிக்கும். 200 கிலோ என்பது அசையாமல் தொங்கினால் உள்ள கணக்கு, வீசிக் குதித்தால் சுமை எகிறும்.

பிடி நழுவினால் எண்ணெய், லோஷன் தடவச் சொல்லும் விற்பனையாளர்களும் உண்டு. விளக்கெண்ணெய், மரக்கம்பத்தில் ஏறிச் செய்யும் மல்லகம்பத்துக்கு. உலோகத்தில் தடவினால் நேரே தரைக்குத்தான். ஸ்பிரிட்டில் துணி நனைத்துத் துடைத்தால் போதும்.

பெட்டி பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள், டேப் அளவும் மரை அளவும் அதில் தெரியட்டும். விளம்பரப் பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுகிறார்கள். பணம் திரும்பாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.